ஹெவி மெட்டல் இசைக்கு 2025 சரியாவே அமையல

ஆசிரியர் சார் வணக்கம்,

ஜூலை 5 பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்துல பிளாக் சபாத் பேண்ட் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் கறுப்பு சிம்மாசனத்துல உக்காந்தபடியே பாடுனாரு, பார்க்கின்சன் இருந்ததால எழுந்து நிக்க முடியல, ராத்திரி கண்ணு முழிச்சு லைவ்ல பாத்து அழுதுட்டேன், அடுத்த 17வது நாள் ஆளே இல்ல. அது ஆறுறதுக்குள்ள ஆகஸ்ட்ல மாஸ்டடான் பேண்டுல இருந்த கிட்டாரிஸ்ட் பிரெண்ட் ஹைண்ட்ஸ் பைக் விபத்துல போயிட்டாரு, செப்டம்பர்ல அட் த கேட்ஸ் பேண்ட் பாடகர் தோமஸ் லிண்ட்பெர்க் கேன்சர்ல, வயசு 52தான். (எனக்கு ஆஸியவிட இவர் குரல்தான் நெருக்கம், சொன்னா பசங்க சண்டைக்கு வருவாங்க.) நான் படிச்ச அஞ்சலியிலெல்லாம் ஆஸி 1982ல வவ்வால் தலைய கடிச்ச கதைதான் சார். அடுத்த தடவையாச்சும் பாட்ட பத்தி நாலு வரி போடுங்க.

இப்படிக்கு,
பழைய கேசட் ரசிகன்