ஒரு ஸ்பூன் உப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். வர முடியாமல் போனது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.

கல்லீரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ் என்றார்கள். ‘நீ குடிக்கவே மாட்டியே, உனக்கு எப்படிடா?’ என்று கேட்டிருந்தாய். நீ என்னை நம்பிக் கேட்டாய். மற்றவர்கள் அப்படி இல்லை. சொந்தக்காரர் ஒருவர் கட்டில் பக்கத்திலேயே நின்று, ‘இனிமேலாவது விட்டுடுப்பா’ என்றார். என் வீட்டுக்காரி அன்றைக்கு அழுத அழுகையை மறக்க முடியவில்லை. என் நோய்க்குக் காரணம் சர்க்கரையும் தொப்பையும். பல வருடம் முன்பே ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வந்தது. பார்த்த டாக்டர் ‘இது எல்லாருக்கும் இருக்கு’ என்றார். நானும் ஃபைலில் சொருகி வைத்துவிட்டேன். கொழுப்பு சேர்ந்த இடம் அழன்று, ஆறி, தழும்பாகிக்கொண்டே வந்திருக்கிறது. வலி துளியும் இல்லை.

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் பைக்குகள் சந்து சந்தாகப் புகுந்து போகுமே, என் வயிற்றிலும் அதுதான் நடக்கிறது. தழும்பான கல்லீரலுக்குள் ரத்தம் போக முடியாமல் உணவுக்குழாயின் சின்ன ரத்தக்குழாய்களில் ஏறி, அவை புடைத்துக்கொள்கின்றன. வெடித்தால் ரத்த வாந்தி. அதனால் எண்டாஸ்கோப்பி செய்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள்.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. ஒரு சாயங்காலம் மிண்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். நாற்பது வருடமாக நடந்த வழி. எந்தப் பக்கம் வீடு என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். தெரிந்த பூக்காரம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டார். அதற்கு முன்பே சில நாளாகப் பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பு, கையெழுத்தும் கோணலாகியிருந்தது. கல்லீரல் அகற்றாமல் விட்ட அமோனியா என்ற கழிவு மூளைக்கு ஏறினால் இப்படி ஆகுமாம். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம். இப்போது லாக்டுலோஸ் சிரப் குடிக்கிறேன், பிசுபிசுவென்று ஒரே தித்திப்பு. தினம் இரண்டு மூன்று முறை வயிறு இளகலாகப் போக வேண்டும். வீட்டுக்காரி காலையில் ஒரு தாளில் என் பெயரை எழுதச் சொல்லிப் பார்க்கிறாள்.

வயிற்றில் நீர் கோக்காமல் இருக்க ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புதான். ஒரு டீஸ்பூன், அவ்வளவே. காசிமேட்டில் வளர்ந்தவனுக்குக் கருவாடு கிடையாது, அப்பளம் கிடையாது, ஊறுகாய் கிடையாது. ஆனால் புரதம் குறையக் கூடாதாம், உடம்பில் சதை கரைந்துவிடும். அதனால் பச்சை மீன், முட்டை, பருப்பு எல்லாம் உண்டு. ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும்.

கீழாநெல்லி சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தாய். நம் சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி எழுதியது 1988-ல் லான்செட்டிலேயே வந்தது. ஆனால் அது ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு. பின்னால் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் தழும்பை அது கரைக்காது. டாக்டரைக் கேட்காமல் எந்தப் பச்சிலையும் வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம். பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் வைத்து 6 முதல் 40 வரை ஒரு கணக்குப் போடுகிறார்கள், எண் ஏற ஏற ஆபத்து. எனக்கு 11. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், புற்றுநோய் வருகிறதா என்று பார்க்க.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கும் எட்டு வருடமாகச் சர்க்கரை. ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடு. ஊசி இல்லை, கத்தி இல்லை. விலா மேல் கருவியை வைத்து கல்லீரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆரம்பத்தில் தெரிந்தால் உடம்பு எடையில் 10 சதவீதம் குறைத்தாலே தழும்பு பின்வாங்க வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. உனக்குக் கடக்கவில்லை. எடுத்துவிட்டு ரிசல்ட்டை எனக்கு எழுது.

மாசி மாதம் கட்டாயம் வா. சங்கரா மீன் குழம்பு வைக்கச் சொல்கிறேன். உப்பை உன் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துவிடுவோம்.

உன் பழைய நண்பன்,
வண்ணாரப்பேட்டை