'இல்லை' என்றால் இல்லைதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் பக்கத்தில், பைத்தானுக்கு சி மொழியில் எக்ஸ்டென்ஷன் எழுதுவது பற்றிய கட்டுரையில், "டிக்‌ஷனரியில் கீ இல்லையென்றால் பைடிக்ட்_கெட்ஐட்டம் நல் தரும்" என்று ஒரு வரி வந்தது. (டிக்‌ஷனரி என்பது பெயருக்கு எதிரே மதிப்பை வைக்கும் அட்டவணை, கீ என்பது அந்தப் பெயர்; பைடிக்ட்_கெட்ஐட்டம் அதில் தேடித் தரும் சி ஃபங்ஷன்; நல் என்பது எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டர்.) பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

தேடும்போது முதலில் கீயின் ஹாஷ், அதாவது அதன் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் எண், கணக்கிடப்படும். அந்த ஹாஷ் காட்டும் இடத்தில் இருப்பது அதே பொருள்தானா என்று பார்க்கும். வேறு பொருளாக இருந்து ஹாஷ் மட்டும் ஒத்துப்போனால், இரண்டையும் ஒப்பிடும். வெறும் ஸ்ட்ரிங் கீ என்றால் இதில் வம்பில்லை. நாமே எழுதிய கிளாஸின் பொருள் கீயாக வந்தால் ஹாஷிலும் பிழை எழலாம், ஒப்பீட்டிலும் எழலாம். ஒப்பீட்டின் நடுவே யாராவது நிரலை நிறுத்தக் கன்ட்ரோல்-சி அழுத்தலாம். அத்தனையையும் இந்த ஃபங்ஷன் விழுங்கிவிட்டு நல் தந்துவிடும். லிஸ்ட்டைக் கீயாகக் கொடுத்துப் பாருங்கள்: லிஸ்ட்டுக்கு ஹாஷ் கிடையாது என்பதால் பைத்தானில் டைப்எரர் வரும், இங்கே 'இல்லை' என்று சாதிக்கும். பைத்தான் 3.13 முதல் விழுங்கிய பிழையை, மேலே அனுப்ப முடியாத பிழைகளைத் தெரிவிக்கும் சிஸ்.அன்ரெய்சபிள்ஹுக்கிடம் சொல்கிறது, கைக்கு வருவது என்னவோ அதே நல்தான்.

இதே வேலையைச் செய்யும் பைடிக்ட்_கெட்ஐட்டம்வித்எரர் எதையும் மறைக்காது. ஆனால் நல் வந்தால் பிழை நிலுவையில் உள்ளதா என்று சொல்லும் பைஎர்_அக்கர்ட்டைக் கேட்டுத்தான் பிழையா, கீ இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியும். ஏற்கெனவே ஒரு பிழை நிலுவையில் இருக்கும்போது இதை அழைத்தால், பழைய பழி புதுத் தேடலின் தலையில் விழும்.

3.13இல் வந்த பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது: இருந்தால் 1, இல்லையென்றால் 0, பிழை என்றால் -1. மதிப்பைத் தனியே நாம் கொடுக்கும் பாயின்டரில் வைக்கும். 3.12லும் ஓட வேண்டிய நிரலுக்கு வித்எரரே கதி.

பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃபுக்கு மாற்றும்போது வழுக்கும் இடங்கள் இரண்டு. அழைப்பை அப்படியே 'இஃப்' அடைப்புக்குள் வைத்தால், சி மொழிக்கு -1ம் உண்மைதான். பிழை வந்த நேரத்தில் 'கிடைத்தது' என்ற கிளைக்குள் போய், வெற்றாக (நல்) இருக்கும் பாயின்டரைத் தொட்டு நிரல் விழும். 0ஐவிடக் குறைவா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். இன்னொன்று, பழையது இரவல் ரெஃபரன்ஸ் (பொருளைப் பிடித்திருப்போர் கணக்கில் சேராத சுட்டு) தந்தது, புதியது அந்தக் கணக்கில் சேர்த்துச் சொந்தமாகவே தருகிறது. வேலை முடிந்ததும் கணக்கில் ஒன்றைக் குறைக்கும் பை_டெக்ரெஃப் கட்டாயம். பழைய நிரலில் அடுத்த வரியில் கணக்கில் ஒன்றைக் கூட்டும் பை_இன்க்ரெஃப் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் தேடும்போதெல்லாம் நினைவகம் கசியும். கட்டுரையின் மாதிரி நிரலில் அந்த வரி இருக்கிறது. ஃபங்ஷன் பெயரை மட்டும் மாற்றித் திருத்தம் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்