உன் அம்மப்பாவின் கொப்பிகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள வாத்து,

நலம், நலமறிய ஆவல், மிச்சத்தை நீயே நிரப்பிக்கொள். நான் அனுப்பும் குரல் பதிவுகளை நீ திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று உன் தங்கை போட்டுக்கொடுத்துவிட்டாள். அதனால்தான் கடிதம். பேராதனைக்குத் தபால்காரர் இன்னும் வருகிறார்தானே?

அமெரிக்காவில் இருந்து லீவில் வந்திருக்கிறேன். கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிறது. அம்மா சுகம். நான் பட்டத்தோடு திரும்பி வந்து வங்கி முகாமையாளராக இருப்பேன் என்று அப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். சித்தி இன்னும் ஒரு படி மேலே. நான் போதகராகத்தான் படிக்கிறேன் என்று நினைத்து மாமாங்கத்தில் என் பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறார். கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் கணக்கீடும் தாதியியலும் இரசாயனமும்கூடப் படிப்பிப்பார்கள், இங்கே 1814இல் மெதடிஸ்த மிஷன்காரர் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாரும் மதம் மாறிவிட்டார்களா என்று கேட்டேன். "அது வேற, இது அமெரிக்கா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

நீ போனமுறை கேட்டாய், அங்கே உண்மையில் எப்படி என்று. சின்ன இடம், புள்ள. சுற்றிவரச் சோளக்காடு. இந்தியானாவில் எங்கள் பக்கம் வாவிக்கு மேற்கே நம் படுவான்கரை வயல்வெளி மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது, எருமைதான் இல்லை. கிழமையில் மூன்று நாள் ஆராதனைக்குப் போயே ஆகவேண்டும், வாசலில் அடையாள அட்டையைத் தட்டி வரவு பதிய வேண்டும். பின்வாங்கில் இருந்துகொண்டு எகனோமெட்ரிக்ஸ் கணக்குச் செய்யலாம் என்பதை முதல் தவணையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் பொருளியல் துறைக்கு மூன்றே மூன்று பேராசிரியர்கள், நுண்பாகப் பொருளியல் வகுப்பில் நாங்கள் ஆறு பேர். ஒளிக்க இடமே இல்லை. வாசிக்காமல் போனால் முகத்திலேயே தெரிந்துவிடும். பாதிப் பாடங்களை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடத்துவார்கள். அப்படித்தான் கேம் தியரி, அதாவது மற்றவன் என்ன செய்வான் என்று பார்த்து நம் முடிவை எடுப்பதைக் கணக்குப் போடும் பாடம், எனக்குக் கிடைக்காமல் போனது, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அங்கே முதுகலை மாணவர்கள் கிடையாது. பெரிய இடங்களில் அவர்கள் செய்யும் ஆய்வு உதவி வேலையெல்லாம் எங்கள் தலையில்தான் விழும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

பரீட்சைக்கு முன் பேராசிரியர் ஜெபம் செய்வார். கேள்வித்தாள் அதனால் இலகுவாகிவிடாது.

பழைய ஏற்பாடு கட்டாயப் பாடம். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் யூபிலி வருஷம் என்று ஒன்று வருகிறது. ஐம்பதாம் வருடத்தில், விற்ற காணி பழைய சொந்தக்காரனுக்கே திரும்ப வேண்டும். "அப்படியென்றால் நாற்பத்தொன்பதாம் வருடம் யார் காணி வாங்குவான்? சந்தையே செத்துப்போகுமே" என்றான் ஒரு பெடியன். கொஞ்சம் கீழே வாசி என்றேன். யூபிலிக்கு இன்னும் எத்தனை விளைச்சல் இருக்கிறதோ அதைக் கணக்கிட்டே விலை வைக்கச் சொல்கிறது. கை மாறுவது காணி இல்லை, அத்தனை போகத்து விளைச்சல்தான். வயலைக் குத்தகைக்குக் கொடுத்து வாங்கும் நம்மூர்க்காரருக்கு இதில் என்ன புதினம்? "பைபிளை ஒழுங்காக வாசித்தது இந்த வகுப்பில் ஒரு இந்துப்பிள்ளைதான்" என்று பேராசிரியர் சிரித்தார். சித்தியிடம் இதைச் சொல்லிவிடாதே.

இப்படி நான் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் போகும்போது எப்படிப் போனேன் என்பது உனக்குத் தெரியும். நாங்கள் ஏ.எல். எழுதி முடித்தது 2022 மார்ச் தொடக்கத்தில். அப்போது டொலர் 200 ரூபாய். மே மாதம் 360. அப்பா எனக்கென்று சேர்த்த காசு பெட்டியை விட்டு அசையாமலே கரைந்துபோனது. அது எப்படி நடந்தது என்று ஒருவராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. பொருளியல்தான் படிப்பேன் என்று அடம்பிடித்தது அதனால்தான், வங்கிக்காக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன தவணையில் பொதுச் சொத்து பற்றிப் படித்தோம். முதலில் காரட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை. எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் தரையில் ஆளாளுக்கு இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று விடுவான், கடைசியில் தரை மொட்டையாகும். ஒன்றில் அரசாங்கம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு போட்டுத் தனியாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து வழமையாக எடுக்கும் முடிவு. அடுத்த கிழமை எலினோர் ஒஸ்ட்ரம். 2009இல் பொருளியல் நோபல் பரிசு வாங்கிய முதல் பெண். வேலை செய்தது அதே இந்தியானாவில், புளூமிங்டனில். படித்ததோ அரசறிவியல். கணிதம் போதாது என்று பொருளியல் பிஎச்டிக்கு அவரை எடுக்கவில்லையாம். கணக்கு மிஸ்ஸிடம் நாங்கள் வாங்கிய பேச்சையெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வழிதான் என்று யார் சொன்னது, தண்ணீரையும் மீனையும் பயன்படுத்தும் சனமே சட்டம் போட்டு, காவல் வைத்து, தண்டம் அறவிட்டுக் காப்பாற்றிய இடங்கள் எத்தனையோ உண்டு என்று உலகம் முழுக்கத் தேடி 1990இல் எழுதினார். தோற்ற இடங்களையும் மறைக்கவில்லை. அதில் இலங்கை வருகிறது! தெற்கே மாவெல்லவில் கரைவலை. வலையில் பங்கு, கடலில் முறை, எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் வலைகள் கூடிக்கொண்டே போனதால் ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதானது. வலைக்குப் போட்ட காசு ஏறியது, மீன் ஏறவில்லை. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இருந்தும் நடக்கவில்லை. கரைவலை என்றால் என்னவென்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. மேசைகளை ஒதுக்கிவிட்டு, ஐந்து பேரையும் கயிறு பிடிக்க வைத்து இழுக்கச் செய்தேன். மடி வெறுமையாக வந்தது.

மறுகா கல்லோயா வந்தது. நம் அம்பாறைக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம்தான். 80களின் தொடக்கத்தில் இடதுகரை வாய்க்காலில் விவசாயிகளை ஒன்றுசேர்க்க இளம் பெடியன் பெட்டைகளை ஊருக்குள் அனுப்பினார்களாம். வாய்க்காலைச் சேர்ந்து துப்புரவாக்கி, முறை வைத்து, மேலே மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டார்களாம். இதை வாசிக்கும்போதே எனக்கு உன் அம்மப்பாதான் வந்து நின்றார். குடையும் மண்வெட்டியுமாக வரம்பில் நடப்பார், நாங்கள் பின்னால் நின்று "வரம்பு ராசா" என்று கத்துவோம். உலகத்தார் நோபல் கொடுத்த விஷயத்தை அவர் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் செய்துகொண்டிருந்தார், வாத்து. சட்டப்படி பார்த்தால், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் விதானைப் பதவி 1958 நெற்காணிச் சட்டத்தோடு போய்விட்டது. ஆனால் வட்டைக்காரர், அதாவது அந்த வயல்வெளிச் சனம், அதை விட்டார்களா? இன்றைக்கும் அவர் வட்டை விதானையார்தான்.

போன சனிக்கிழமை வலையிறவுப் பாலத்தால் போய் அவரைப் பார்த்தேன். காது நன்றாகக் குறைந்துவிட்டது. "எப்ப பூசை வைக்கப் போறாய்?" என்று கேட்டார், சித்தியின் வேலை. பிறகு காதுக்குள் கத்திக் கத்திக் கேட்டேன். இரவில் வரம்பை வெட்டித் தண்ணீர் களவெடுத்தவனை என்ன செய்வீங்கள்?

"கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுப்பன்."

இரண்டாம் தரமும் செய்தால்?

"கோயிலடியில நாலு பேர் இருக்கக்குள்ள சொல்லுவன்."

அதற்கும் திருந்தாவிட்டால்?

"தண்டம். நெல்லாத்தான்."

குற்றத்துக்கு ஏற்றபடி படிப்படியாகத் தண்டனை, இது ஒஸ்ட்ரம் எழுதிய எட்டு விதிகளில் ஒன்று! முதல் நாளே தண்டம் போட்டால் என்ன என்று கேட்டேன். "அடுத்த போகமும் அவன்ட வயலுக்குள்ளாலதானே எனக்குத் தண்ணி வரணும்" என்றார். எனக்குக் கிடைக்காமல் போன கேம் தியரி அந்தத் திண்ணையிலேயே முடிந்தது.

எல்லாம் தேன் என்று நான் சொல்லவில்லை. பெரிய காணிக்காரப் போடிமார் களவு செய்தால் பேச்சு ஒரு மாதிரி, அவர்களின் வயலில் வேலை செய்யும் முல்லைக்காரன் செய்தால் இன்னொரு மாதிரி என்று அவரே ஒத்துக்கொண்டார். அம்மப்பா செய்யும் வயலே உன் அம்மம்மாவின் சீதனம். காணி பெண்பிள்ளையின் பெயரில், கூட்டத்தில் இருப்பது ஆம்பிளைகள். அம்மம்மா ஒருநாளாவது போகம் தொடங்கும் ஆரம்பக் கூட்டத்துக்குப் போயிருப்பாரா? ஒஸ்ட்ரத்திடம் கேட்கவேண்டிய கேள்வி, ஆனால் 2012இல் போய்விட்டார்.

இனிச் சொல்லப்போவதை உன் அம்மா உனக்குச் சொல்லியிருக்கிறாரா தெரியாது. 2007இல் யுத்தத்தால் படுவான்கரை முழுக்க இடம்பெயர்ந்தபோது ஆளாளுக்குக் காணி உறுதியையும் நகையையும் தூக்கிக்கொண்டு ஓட, அம்மப்பா தன் தடித்த அட்டை சீ.ஆர். கொப்பிகளை உரப்பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனாராம். யார் வயலுக்கு எந்த நாள் தண்ணீர், எந்த வரம்பு யாருடையது, யாருக்கு எவ்வளவு தண்டம், எல்லாம் அதில். திரும்பி வரும்போது வட்டை முழுக்கப் பற்றைக்காடு, வரம்பு எங்கே என்றே தெரியாது. அந்தக் கொப்பியை வைத்துத்தான் அளந்து பிரித்தார்களாம். ஒரு சண்டைகூட பொலிசுக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

கொப்பிகள் இன்னும் இருக்கின்றன. உன் அம்மா கட்டிலுக்கடியில் இருந்து எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் கறையான். போன வருடம் பாதியைக் கடலைக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டாராம்! எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. மிச்சத்தைப் படம் எடுக்கவா என்று கேட்டால், "அவளிட்டக் கேட்காமல் ஒண்ணா" என்கிறார். அங்கே பேராசிரியரோ, கடைசி வருட ஆய்வுக்கு இதைச் செய்யப்போகிறேன் என்று மின்னஞ்சல் போட்டதற்கு, ஒரு தாத்தா தரவு ஆகமாட்டார் என்று பதில் எழுதியிருக்கிறார். சோளக்காட்டு விவசாயியின் மகன்தான் அவரும், விளங்காமல் இல்லை. ஆனால் வருடம், ஆள், குற்றம், தண்டம், தண்ணீர் முறை என்று வரிசையாக எழுதிய கொப்பி தரவு இல்லையென்றால் வேறு எதுதான் தரவு?

ஆகவே உன்னிடம் இரண்டு காரியம். உடனே அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, நான் படம் எடுக்கலாம் என்று சொல், கடலைக்காரன் வந்தால் திருப்பி அனுப்பச் சொல். அடுத்த போயா லீவுக்கு நீயும் வா. அவர் எழுத்தை வாசிக்க உன்னால்தான் முடியும், மண்ணுக்கும் வாய்க்காலுக்கும் அவர் போட்டிருக்கும் குறிகள் எனக்குப் பிடிபடவில்லை, நீதானே விவசாயம் படிக்கிறாய். ஆவணி நடுவில் எனக்கு விமானம். கட்டுரையில் ஒருவர் பெயரும் வராது, எல்லாருக்கும் இலக்கம்தான்.

பெயரை மறைக்க ஒரு காரணமும் இருக்கிறது. புரட்டிய ஒரே ஒரு கொப்பியில் புளியங்கொட்டையின் அப்பா மூன்று தரம் தண்டம் கட்டியிருக்கிறார். இதை அவனிடம் யார் சொல்வது என்பதை நீ வந்த பிறகு தீர்மானிப்போம்.

அன்புடன்,
கணக்கப்பிள்ளை