சோப்பும் உப்புத் தண்ணீரும்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனா,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது கட்டுப் போட்ட காலோடு வந்துவிடுகிறார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பைக்கில் வழுக்கி விழுகிறவர்களுக்குக் குறைவில்லை. இன்றுதான் கிளினிக்கைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை திண்டுக்கல் போய், கால் எலும்பு முறிந்து கிடக்கும் உன் தம்பி குமாரைப் பார்த்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தான். கெண்டைக்கால் சதை வற்றி, லுங்கிக்குக் கீழே கால் குச்சி மாதிரி தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா உன்னிடம் அழுதிருப்பார்கள். சதை வந்துவிடும், அது என் பொறுப்பு. காயம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சீழ், காய்ச்சல் எதுவும் இல்லை. எக்ஸ்-ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த கோடு இன்னும் தெரிகிறது. ஆனால் பின்பக்கம் மட்டும் பஞ்சு ஒட்டின மாதிரி லேசாக ஒரு வெள்ளை. அதுதான் புது எலும்பு. முன், பின், உள், வெளி என்று எலும்புக்கு நான்கு சுவர் என்று வைத்துக்கொள். ஒவ்வொன்றிலும் பாலம் விழுந்திருக்கிறதா என்றுதான் நாங்கள் பார்ப்போம். குமாருக்கு ஒன்றில் ஆரம்பித்திருக்கிறது. ஏழு வாரத்தில், அதுவும் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த காலுக்கு, எனக்கு இது திருப்திதான்.

சரி, நீ கேட்ட அந்த அல்ட்ராசவுண்ட் மெஷின். தினமும் 20 நிமிஷம் காலில் வைத்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம். பணம் அனுப்பாதே.

ஆனால் அது ஊரை ஏமாற்றவென்றே செய்த சாமான் என்றும் நினைக்காதே. 1994-ல் அமெரிக்காவில் ஹெக்மன் என்ற எலும்பு மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர்கள், மொத்தம் 67 முறிவுகள். நிஜக் கருவி வைத்தவர்களுக்கு எலும்பு கூடச் சராசரி 96 நாள்; பார்க்க அதே மாதிரி இருக்கும் போலிக் கருவி வைத்தவர்களுக்கு 154 நாள். கிட்டத்தட்ட இரண்டு மாத வித்தியாசம்! அதே வருஷம் அங்கே அரசு அனுமதியும் கிடைத்துவிட்டது. நானும் அதை நம்பி நாலைந்து பேரை வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். அதில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனைவியின் கம்மலை அடகு வைத்துத்தான் வாடகை கட்டினார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போதும் அவர் ஆட்டோவைப் பார்த்தால் ஒரு மாதிரியாக இருக்கும்.

அப்புறம் உன் ஊர்ப் பக்கத்துக்காரர்கள், கனடாவின் ஹாமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், அதே கேள்வியைப் பெரிதாக எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக்கு டிரஸ்ட் என்று பெயர். 43 மருத்துவமனைகள், 501 பேர், எல்லோருக்கும் குமாரைப் போலவே கால் எலும்புக்குள் ராடு. பாதிப் பேருக்கு நிஜக் கருவி, மீதிப் பேருக்குப் போலி. கையில் இருப்பது எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆய்வுச் செலவில் ஒரு பங்கு அந்தக் கருவியை விற்கும் நிறுவனத்துடையது. 2016-ல் முடிவு வந்தது: எக்ஸ்-ரேயிலும் வித்தியாசம் இல்லை, பழையபடி நடமாடுவதிலும் இல்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், கட்டுரையில் கையெழுத்துப் போட்டவர்களில் அதே ஹெக்மனும் ஒருவர். தான் சொன்ன 96 நாளைத் தானே திரும்பச் சோதிக்க உட்கார்ந்த மனிதர். நம்மில் எத்தனை பேர் செய்வோம்?

ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சொன்ன அளவில் பாதியாவது வைத்தவர்கள் 73 சதவீதம்தான். ஆய்வில் சேர்ந்து, கேள்வி கேட்க ஆள் இருந்தும் அவ்வளவுதான் என்றால், டி.வி. ரிமோட்டையே ஒரு இடத்தில் வைக்காத உன் தம்பி என்ன செய்வான் என்று யோசி.

அடுத்து அம்மாவின் புகார். ரோட்டு மண்ணும் ஆயிலும் அப்பின காலை, ஆஸ்பத்திரியில் டெட்டால்கூட இல்லாமல் வெறும் சலைன் பாட்டிலை, அதாவது உப்புத் தண்ணீரைத் தொங்கவிட்டுக் கழுவினார்களாம். செலவைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை மீனா, அவர்கள் செய்ததுதான் சரி. மக்மாஸ்டரின் மோகித் பண்டாரி தலைமையில் நடந்த ஃப்ளோ ஆய்வு 2015-ல் வந்தது. எலும்பு வெளியே தெரிந்த காயங்கள். ஏறக்குறைய 2,450 பேர். இந்தியா உட்பட ஐந்து நாடுகள். ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் மட்டும், இன்னொரு பக்கம் சோப்புக் கரைத்த தண்ணீர். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சோப்பின் மேல் பந்தயம் கட்டியிருப்பேன். ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது சோப்புக்காரர்களில் 14.8 சதவீதம், உப்புத் தண்ணீர்க்காரர்களில் 11.6. பீய்ச்சியடிக்கும் மெஷினையும் சேர்த்துச் சோதித்தார்கள். வேகமாக அடித்தாலும், உயரத்தில் பாட்டிலைத் தொங்கவிட்டு வழியவிட்டாலும் பலன் ஒன்றுதான். மெஷின் வாங்க வசதியில்லாத தாலுகா ஆஸ்பத்திரிக்கு இதைவிட நல்ல செய்தி எது? அம்மாவிடம் இதைச் சொன்னேன். “என்ன இருந்தாலும் கொஞ்சம் டெட்டால் விட்டிருக்கலாம்” என்றார்கள்.

நான் கவலைப்படுவது வேறு. குமாரின் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. சாமி விளக்கு ஏற்ற என்றான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பின் முன்பக்கம் தோலுக்கு அடியில் சதையே கிடையாது, ரத்த ஓட்டம் அங்கே எப்போதும் குறைவு. அதிலும் சிகரெட் குடித்தால் ரத்தக்குழாய் இன்னும் சுருங்கும். வாடகை மெஷினுக்குப் பணம் தேடுகிற அக்கா, அவனை ஒரு வீடியோ கால் போட்டுத் திட்டினால் போதும். நான் சொன்னால் சிரிக்கிறான்.

பிரண்டையைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் அம்மா தினமும் துவையல் அரைக்கிறார்கள். கையெல்லாம் அரிக்கிறது என்று நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஆய்கிறார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே காசிப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் இதை வைத்து முறிவு ஆறுவதை ஆராய்ந்திருக்கிறார்கள். டிரஸ்ட் மாதிரி பெரிய சோதனை இதற்கு நடந்ததாக எனக்குத் தெரியாது, அதனால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் புளி, மிளகாயோடு வதக்கி அரைத்தது நன்றாக இருந்தது, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த எக்ஸ்-ரே பன்னிரண்டாவது வாரம். எடுத்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், இந்தத் தடவை நீயே நான்கு சுவரையும் எண்ணிப் பார். டிசம்பரில் வருவது உறுதிதானே? மேப்பிள் சிரப் மட்டும் கொண்டுவராதே. போன தடவை கொடுத்ததே இன்னும் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

உன்,
கலா