அயாவாஸ்கா பயணத்தில் நேர்ந்த சேவைக் குறைபாடு: புகார் கடிதம்

அனுப்புநர்:
பயணப் பதிவில் உள்ள பெயரும் முகவரியும் உடையவர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பெரு நாட்டில் அயாவாஸ்கா என்னும் சடங்குப் பானம் தரும் முகாமுக்கு உடல்நலப் படிவத்தைப் படிக்காமலேயே அனுப்பி வைத்தது, தவறான மருந்து அறிவுரை தந்தது, பணத்தைத் திருப்பித் தராமல் ‘சட்டபூர்வ மாற்று’ என்று விதைப் பொட்டலம் அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மே மாதம் பெரு நாட்டின் இக்கித்தோஸ் நகருக்கு அருகே நடந்த எட்டு நாள் முகாமுக்குத் தங்கள் நிறுவனத்தின் வழியாகச் சென்று வந்த பதினொரு பேரில் நானும் ஒருவன். பயணத்துக்கு மொத்தம் ₹4,85,000 செலுத்தினேன். அதில் நான்கு இரவுச் சடங்குகளுக்கான கட்டணம் ₹96,000 என்று தங்கள் ரசீதிலேயே தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. உணவு, தங்குமிடம், படகு ஆகியவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை. கொசுவலையில் இருந்த ஓட்டையைக்கூட நான் பெரிதுபடுத்தவில்லை.

என் மனைவி காலமானது முதல், இரண்டு ஆண்டுகளாக, மனநல மருத்துவரின் பரிந்துரைப்படி எசிடாலோபிராம் என்னும் மனச்சோர்வு மருந்தை, 10 மில்லிகிராம் மாத்திரையாக, நாள்தோறும் உட்கொண்டு வருகிறேன். தாங்கள் அனுப்பிய உடல்நலப் படிவத்தில், தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் என்ற கட்டத்தில் இதைத் தெளிவாக எழுதி, பக்கத்தில் ‘இதனால் தடை உண்டா?’ என்றும் கேட்டிருந்தேன். மூன்று வாரங்களாகப் பதில் வராததால் நானே தொலைபேசியில் அழைத்தபோது, தங்கள் ஒருங்கிணைப்பாளர், “மூணு நாள் முன்னாடி நிறுத்திட்டாப் போதும் சார், இது வெறும் மூலிகைக் கஷாயந்தானே” என்றார். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். அந்தச் செய்தியின் படத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

அது வெறும் கஷாயம் அன்று. அயாவாஸ்கா என்பது கொடி ஒன்றையும் சாக்ருனா என்னும் செடியின் இலைகளையும் சேர்த்துப் பல மணி நேரம் காய்ச்சி எடுப்பது. காட்சிகளைத் தோற்றுவிக்கும் டி.எம்.டி. என்ற பொருள் இலையில் இருக்கிறது. அந்த இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடும் என்பதால் பெரிதாக ஒன்றும் நிகழாது. கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியின் வேலையைத் தடுத்து நிறுத்துகின்றன. எசிடாலோபிராம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது அதே நொதியும் தடுக்கப்பட்டால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருள் அளவுக்கு மீறிப் பெருகி, கடுங்காய்ச்சல், தசை விறைப்பு, நடுக்கம், மனக்குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். எசிடாலோபிராமை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்து, நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது விட வேண்டும் என்றும், அதே வகை மருந்தான ஃபுளுவாக்செட்டின் என்றால் ஐந்து வாரம் வேண்டும் என்றும் ஊர் திரும்பிய பின் என் மருத்துவர் விளக்கினார். புறப்படும் முன்பே அவரைக் கேட்காமல் தங்கள் அலுவலகத்தை நம்பியது என் தவறு. ஆனால் அந்த நம்பிக்கையைத் தந்தது தாங்கள் அனுப்பிய ‘மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னரே அனுமதி’ என்ற வரிதான்.

தங்கள் அறிவுரைப்படி மாத்திரையைச் சட்டென நிறுத்தியதன் பலனை லிமாவுக்குச் செல்லும் விமானத்திலேயே அனுபவித்தேன். தலையைத் திருப்பும்போதெல்லாம் மண்டைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் ‘விர்’ரென்றது. இரண்டு இரவுகள் கண் மூடவில்லை.

என்னைக் காப்பாற்றியது தங்கள் நிறுவனம் அல்ல. இக்கித்தோஸுக்குச் சாலை வழி கிடையாது. விமானத்தில் இறங்கி, அங்கிருந்து படகில் சென்று முகாமை அடைந்த அன்று மாலையே, சடங்கை நடத்தும் ஷிபிபோ என்னும் அமேசான் பழங்குடி இன மூதாட்டி எங்கள் அனைவரையும் மாத்திரைப் பைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டச் சொன்னார். என் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த செவிலியரிடம் ஏதோ கேட்டார். பிறகு அட்டையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். எனக்குக் கோப்பை கிடையாது, பாட்டு மட்டும் கேட்கலாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். சென்னையில் குளிரூட்டிய அறையில், கணினியின் முன் அமர்ந்து செய்திருக்க வேண்டிய வேலையை எழுத்துப் படிக்காத ஒரு பாட்டி இரண்டு நிமிடத்தில் செய்து முடித்தார்.

நான்கு இரவும் மலோக்கா எனப்படும் வட்டக் கூரைக் கூடத்தில் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பாய்க்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மூதாட்டி மப்பாச்சோ என்னும் காட்டுப் புகையிலையின் புகையைப் போத்தலுக்குள் ஊதி, ஒவ்வொருவருக்காக ஊற்றிக் கொடுத்த பின் மெழுகுவத்தியை அணைத்துவிட்டார். வெகு நேரம் தவளைச் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு இருட்டுக்குள் ஈக்காரோ எனப்படும் சடங்குப் பாட்டு தொடங்கியது; ஒருவர் முன் ஒருவராக நகர்ந்து அவரவருக்கென்று தனித்தனியாகப் பாடினார். இடையிடையே வாந்தி எடுக்கும் சத்தம். அங்கே அதைப் பக்கவிளைவு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. ‘கழிவு’ என்றே சொல்கிறார்கள். ஆகவே அந்த மக்கள்மீதோ அவர்களுடைய முறையின்மீதோ எனக்குத் துளியும் மனக்குறை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவாவில் அயா என்றால் இறந்தோர், ஆவி. வாஸ்கா என்றால் கயிறு, கொடி. இதைத் தங்கள் விளம்பரத் தாள் ‘நம் முன்னோரின் சோமபானமே’ என்கிறது. சோமம் எந்தத் தாவரம் என்றே அறிஞர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. ஷிபிபோ மக்களுடையதை அவர்களுடையதாகவே விட்டுவைப்பதில் தங்களுக்கு என்ன நட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

அதே தாளில் ‘பெரு அரசின் உரிமம் பெற்றது, உலகெங்கும் சட்டப்படி செல்லும்’ என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். பெரு 2008ஆம் ஆண்டில் அமேசான் பழங்குடிகளின் அயாவாஸ்கா அறிவையும் மரபான பயன்பாட்டையும் நாட்டின் பண்பாட்டு மரபுச் செல்வமாக அறிவித்தது. அது எந்தப் பயண நிறுவனத்துக்கும் கொடுத்த உரிமம் அன்று. பிரேசில் 2010இல் சமய வழிபாட்டுக்கு மட்டும் விதிமுறை வகுத்து, விற்பனையை விலக்கியது. அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உனியாவ் டு வெஜெட்டால் என்ற ஒரு சமய அமைப்பின் வழிபாட்டு உரிமையைப் பற்றியது. பிரான்ஸ் 2005இலேயே தடை செய்துவிட்டது. நம் நாட்டிலோ 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் டி.எம்.டி. இடம்பெற்றுள்ளது. இவ்வாறிருக்க, உடன் வந்த தங்கள் ஊழியர், வேண்டுபவர்கள் அரை லிட்டர் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், கேட்டால் ஆயுர்வேத மருந்து என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எங்களிடம் கூறினார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதை நம்பிப் போத்தலைத் துணியில் சுற்றிக்கூட வைத்துவிட்டார். கடைசி நாள் காலையில் நானும் மற்றொருவரும் சேர்ந்து அதை வெளியே எடுக்க வைத்தோம். அந்த அம்மையார் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டிருந்தால் தங்கள் நிறுவனம் ஜாமீனுக்கு வந்திருக்குமா?

ஊர் திரும்பியதும் சடங்குக் கட்டணத்தைக் கேட்டேன். அதற்குப் பதிலாக ஜூலை 9ஆம் நாள் அஞ்சலில் ஒரு பொட்டலம் வந்தது. 50 கிராம் ஹர்மல் விதை, வீட்டிலேயே இணையவழிச் சடங்கு செய்வதற்கான கடவுச்சொல், ‘முழுக்க முழுக்கச் சட்டபூர்வ மாற்று’ என்ற சீட்டு. ஈரானில் திருஷ்டி கழிக்கத் தணலில் போடும் விதை இது. போடுவது தணலில் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தங்கள் சீட்டு இதை இடித்துக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்கிறது. அயாவாஸ்கா கொடியில் எந்த ஹார்மின், ஹார்மலினுக்காக அந்த மூதாட்டி எனக்குக் கோப்பையை மறுத்தாரோ, அவையே இந்த விதையிலும் இருக்கின்றன. என்னைப் போன்றவர்களுக்குத் தீங்கு செய்யும் பாதியை மட்டும் தனியே பிரித்து, சட்டம் தடுக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, மருந்து உட்கொள்பவன் என்று தங்களுக்கே தெரிந்த ஒருவனின் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

மாற்று வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 2008இல் மாயக் காளான்களைத் தடை செய்த பிறகும் அவற்றின் நிலத்தடிக் கிழங்குகள் சட்டத்துக்கு உட்பட்டே விற்கப்படுகின்றன. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2020 வாக்கெடுப்பைத் தொடர்ந்து, உரிமம் பெற்ற நிலையங்களில் அந்தக் காளான்களில் உள்ள சைலோசைபின் என்னும் பொருளைத் தருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், பிற சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு அதைப் பரிந்துரைக்கலாம். ஆனால் அந்தச் சைலோசைபினும் நம் நாட்டு அட்டவணையில் உள்ளதுதான். உட்கொள்ளும் பொருள் எதுவும் இல்லாத மூச்சுப் பயிற்சிக்குக்கூட வலிப்பும் இதய நோயும் உண்டா என்று முதலில் கேட்பார்கள். தாங்கள் எதையும் கேட்கவில்லை.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் சடங்குக் கட்டணம் ₹96,000ஐயும், திரும்பி வந்த பின் மருத்துவருக்கும் பரிசோதனைக்கும் ஆன ₹7,350ஐயும் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹர்மல் பொட்டலம் அனுப்பப்பட்ட அனைவருக்கும், மனச்சோர்வு மருந்து உட்கொள்பவர்கள் அதைத் தொடவே கூடாது என்று இன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள். பணத்தைவிட இதுதான் எனக்கு அவசரம். அடுத்த குழு செப்டம்பரில் புறப்படுவதாக அறிகிறேன். அவர்களின் படிவங்களை ஒரு மருத்துவர் படித்துக் கையொப்பமிட்டாரா என்பதையும் பதிலில் குறிப்பிடுங்கள். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், சேவைக் குறைபாட்டுக்காகவும் தவறான விளம்பரத்துக்காகவும், நான் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடுவேன். விதைப் பையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்; ஆணையத்தில் காட்டத் தேவைப்படலாம் என்பதால் திருப்பி அனுப்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மதுரை, 12.08.2024