உன் விளையாட்டுக்கு முதலாளி யார்?

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் இது.

நீ டீம் சேர்ந்து ஆடும் மொபைல் கேமைப் பற்றி, "உட்கார்ந்த இடத்தில் விரலை ஆட்டுவது விளையாட்டா?" என்று போன வாரம் கேட்டுவிட்டேன். பட்டென்று வைத்துவிட்டாய். மறுநாள் வலை பொத்தும்போது ஒன்று ஞாபகம் வந்தது. திருவிழாப் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்துவிட்டு, "காத்துதானேடா ஓட்டுது, நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்று என் வாத்தியார் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படிக் கோபம் வந்தது! கச்சான் காற்று திடீரென்று அடிக்கும். பாய்க்கயிற்றை ஒரு சாண் விடுவதா, பிடிப்பதா? கண் சிமிட்டினால் படகு கவிழ்ந்துவிடும். உள்ளங்கைத் தழும்பை நீயே தடவிப் பார்த்திருக்கிறாய்.

உன் மேட்ச் வீடியோவைத் தங்கை போட்டுக் காட்டினாள். சுடுவது யார், சாவது யார் என்று ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் நீ கத்துகிறாய், மற்ற மூன்று பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடம் மாறுகிறார்கள். எங்கள் படகிலும் அப்படித்தான்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்த மாதிரி வீடியோ கேம் போட்டிகளைச் சும்மா காட்சிக்கு வைத்தார்களாம், 2023-இல் ஹாங்சோவில் பதக்கமே கொடுத்தார்களாம். எல்லாம் தங்கை சொன்னதுதான். சரி, விளையாட்டுதான். ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. கபடிக்கு முதலாளி கிடையாது, மணலில் கோடு கிழித்தால் ஆட்டம். உன் ஆட்டமோ ஒரு கம்பெனியின் சொத்து. 2020 செப்டம்பரில் நீ ஆடிய பப்ஜி கேமை அரசாங்கம் தடை செய்த அன்று நீ சோறு தின்னவில்லை. அப்புறம் அதற்குப் பதிலாக வந்த பிஜிஎம்ஐ கேமையும் 2022 ஜூலையில் தூக்கினார்கள். திரும்பி வர 2023 மே ஆகிவிட்டது. இங்கே விசைப்படகுக்கும் தடை உண்டு, ஏப்ரல் 15-லிருந்து 61 நாள். ஆனால் ஜூன் 15 என்று தேதி தெரியும். ஐஸுக்கும் டீசலுக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்போம். உனக்கு அப்படி ஒரு தேதி உண்டா? பிஜிஎம்ஐ இல்லாத அந்தப் பத்து மாதம் உன் டீம் பையன்கள் என்ன செய்து பிழைத்தார்கள்? விசாரித்து எழுது. படிப்பை முடி என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

மணிக்கட்டு வலி என்றாயாமே, டாக்டரிடம் காட்டு. அம்மா நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறாள். அடுத்த மேட்ச் எப்போது என்று தங்கையிடம் சொல். மறுநாள் தொழிலுக்குப் போகவேண்டியிருந்தால் மட்டும் பாதியில் தூங்கிவிடுவேன்.

அப்பா
தொண்டி