ஈஸ்டருக்குப் பிறகு விழுகிறவர்களை யார் தூக்கிவிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் வடசென்னையில் குடியை நிறுத்துகிறவர்கள் ஏராளம். லெந்து தொடங்கும் சாம்பல் புதனன்று ஆலயத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருக்கிற ஆண்களைக் காசிமேட்டிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஆண்டுதோறும் பார்க்கலாம். அந்த 40 நாட்களுக்காகச் சபைகள் எவ்வளவோ செய்கின்றன. சிலுவைப் பாதை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், கன்வென்ஷன், வீட்டு ஜெபம் என்று ஒருநாள்கூட ஓய்வதில்லை. ஆனால் ஈஸ்டர் திங்கள்கிழமைக்கென்று எந்த ஏற்பாடும் கிடையாது.

ஈஸ்டரை ஒட்டியே, ஏப்ரல் 15 அன்று, மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிடுகிறது. ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. ஆனால் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், ஐஸ் உடைக்கிறவர், மீன்பெட்டி தூக்குகிறவர் எல்லாருக்கும் வரும்படி நின்றுபோகிறது. படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வலையைச் சரிபார்ப்பதும் சில வாரங்களில் முடிந்துவிடும். பிறகு கையில் காசில்லை, பொழுது மட்டும் மலைபோல இருக்கிறது. விரதம் முடித்த மனிதரை வருஷத்தின் மிகக் கஷ்டமான இரண்டு மாதங்களுக்குள் ஒண்டியாக இறக்கிவிட்டு, அவர் விழுந்ததும் "பாத்தியா, நாப்பது நாளும் நடிச்சிருக்கான்" என்று பேசுகிறோம். அவர் நடிக்கவில்லை. அந்த 40 நாட்களும் உண்மையானவை.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். பல வாரம் விட்டவருடைய உடம்பு பழைய அளவைத் தாங்காது. "ஒரு கட்டிங்தானே" என்று தொடங்கி முன்பு குடித்த அளவுக்கே போகிறவர் மயங்கி விழுவார். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே ஒருவர் இருக்கவேண்டும். தட்டியும் எழுப்ப முடியாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், 108. 'தூங்கினா தெளிஞ்சிடும்' என்று விட்டுவிடாதீர்கள்.

அதைவிட ஆபத்தானது, மறுபடி தினமும் குடிக்க ஆரம்பித்தவர் குற்றவுணர்வு தாங்காமல் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆரம்பிக்கும். கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். டீ கிளாஸை ஒரு கையால் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்து, உதட்டுக்குப் போவதற்குள் பாதியைச் சட்டையில் சிந்துகிறார் என்றால், அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், பெற்ற பிள்ளையை யார் என்று கேட்பார், கட்டிலிலிருந்து எழுந்து ஓடப் பார்ப்பார். இதைத்தான் பல வீடுகளில் 'பிசாசு புடிச்சிருக்கு' என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தலையில் கை வைத்து அதட்டி ஜெபிக்கிறார்கள். இது குடியை நிறுத்தியதால் மூளையில் ஏற்படுகிற கொந்தளிப்பு. மருந்து கொடுத்தால் அடங்கும், கொடுக்காவிட்டால் உயிரையே குடிக்கலாம். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஆம்புலன்ஸில் உட்கார்ந்தும் ஜெபிக்கலாம்.

டாக்டரிடம் குடியை மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கௌரவத்துக்காக 'சோர்வா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க' என்று மட்டும் கேட்கிறார்கள். நெடுநாள் குடித்தவருக்கு வைட்டமின் பி1 மிகக் குறைந்திருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். உள்ளதைச் சொன்னால்தான் டாக்டர் பி1 ஊசியை முதலில் போடுவார். அதேபோல, கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துகொடுக்கச் சொல்லி விற்கிற பொடியையும் மாத்திரையையும் எந்தச் சகோதரியும் வாங்கவேண்டாம். குடியை விடுவதற்காகத் தருகிற டைசல்ஃபிரம் என்ற மாத்திரை, குடிக்கிறவர் தானே சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுக்கவேண்டியது. அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைக்கும்கூட அதன் வேலை உடம்பில் இருக்கும்.

விழுந்தவரை வீட்டுக்குள் வைத்து உடனே உபவாசம் இருக்கச் சொல்வதும் தவறு. வேதம் அப்படிச் செய்யவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்ன எலியா தீர்க்கதரிசிக்குப் பிரசங்கம் கிடைக்கவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. தின்றான், குடித்தான், திரும்பப் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாவது முறையும் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். அதற்குப் பிறகு 40 நாள் நடை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. கேள்விக்குப் பின் வேலை கிடைக்கிறது, எலிசா என்ற கூட்டாளியும் கிடைக்கிறான். நம் சபைகளில் கேள்வி முதல் நாளே வந்துவிடுகிறது, கூட்டாளி கடைசிவரை வருவதில்லை.

கஞ்சி, மோர், இளநீர், மசித்த சாதம் என்று வயிறு தாங்குகிற எதுவாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். முதல் வாரம் விசாரணை வேண்டாம்.

அடுத்தது மனசு. ஒரு தடவை தவறுவதும் மொத்தமாகச் சரிந்துபோவதும் ஒன்றல்ல என்று ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1980களிலேயே விளக்கினார். ஒரு கட்டிங் குடித்தவரைச் சரியவைப்பது பெரும்பாலும் அந்தக் கட்டிங் இல்லை. 'வாக்கு உடைஞ்சு போச்சு, இனிமே என்ன இருக்கு' என்ற எண்ணம்தான் அன்று ராத்திரியே ஃபுல் பாட்டிலுக்குக் கொண்டுபோகிறது. எனவே தவறிய அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே, ஒருவரிடம் சொல்லிவிடவேண்டும். யாரிடம் சொல்வது என்பதை விரதம் தொடங்கும் நாளிலேயே பெயர் குறித்து, ஃபோன் நம்பரை மனைவியிடமும் கொடுத்து வைப்பது நல்லது. ஆன்லைன் ரம்மிப் பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கும் இதே வழிதான்.

இயேசு பிடிபட்ட ஒரே ராத்திரியில் இரண்டு சீஷர்கள் விழுந்தார்கள். காட்டிக்கொடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான், 30 வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். ஆனால் ஆசாரியர்கள் "எங்களுக்கென்ன" என்று சொல்லிவிட்டார்கள், தனியே போனான், நான்றுகொண்டு செத்தான். அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் உயிர்த்தெழுந்த அன்று காலையில் மகதலேனா மரியாள் ஓடிவந்தபோது அவன் இன்னொரு சீஷனோடு இருந்தான் என்று யோவான் 20 சொல்கிறது. கல்லறையில் தூதனும் "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்" போய்ச் சொல்லுங்கள் என்று பெயர் சொல்லி அனுப்புகிறான். மறுதலித்தவன் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படவில்லை. திபேரியா கடற்கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் தயாராக இருக்கின்றன. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கர்த்தர் கூப்பிடுகிறார், சாப்பிட்டு முடித்த பிறகே பேசுகிறார். மூன்று கேள்வியிலும் 'ஏன் மறுதலித்தாய்' என்பது இல்லை. மூன்று பதிலுக்குப் பின்னும் வேலை கொடுக்கிறார். பேதுருவின் பெயரில் ராயபுரத்தில் படகுக்காரர்கள் கோயில் கட்டி, ஜூன் 29ஐ அவன் திருநாளாகக் கொண்டாடுகிற ஊர் நம்முடையது. நமக்கு இதை வெளியூர்க்காரர் வந்து விளக்கவேண்டியதில்லை.

விழுந்தவர் வீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு பேராகப் போகட்டும். ஒருவராவது குடியை விட்டுப் பல வருஷம் ஆனவராக இருப்பது நல்லது. ஐந்தாறு பேராகப் போனால் தெருவே எட்டிப்பார்க்கும். ஹவுசிங் போர்டு பிளாக்கில் எதுவும் ரகசியமில்லை. காலையில் போங்கள், கடை திறக்கும் 12 மணிக்கு முன்னால். அரைமணி நேரம் போதும். கலாத்தியர் 6:1 'சாந்தமுள்ள ஆவியோடே' என்று நிபந்தனை வைத்திருக்கிறது. அது இல்லாதவர்கள், எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும், வீட்டிலிருந்து ஜெபித்தால் போதும். என்ன கேட்பது என்று தெரியாதவர்கள் நான்கு விஷயம் கேட்கலாம்: சாப்பிட்டாரா, யார்மேலாவது கோபமா, யாரோடு இருந்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்றாவது இல்லாமல் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை.

அவர் வீட்டில் கை நீட்டுகிறவராக இருந்தால் கதை வேறு. மன்னிப்பு என்ற பெயரில் மனைவியை அடிவாங்க அனுப்புவது சபையின் வேலை அல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அந்த மனைவிக்குக் கொடுங்கள், தங்க இடமும் பாருங்கள்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது சாட்சி மேடை. நிறுத்தி மூன்று வாரம் ஆனவரை மைக் முன்னால் நிறுத்தி, கைதட்டி, செல்ஃபோனில் வீடியோவும் எடுத்துவிடுகிறார்கள். பிறகு தவறினால் அவர் எந்த முகத்தோடு ஆலயத்துக்குள் வருவார்? ஒரு வருஷம் போகட்டும். அதுவரை மணி அடிக்கவோ நாற்காலி அடுக்கவோ அசனத்துக்கு (சபை விருந்துக்கு) விறகு எடுத்துக் கொடுக்கவோ வேலை கொடுங்கள். தவறினாலும் அந்த வேலையைப் பிடுங்காதீர்கள். காணிக்கை எண்ணுவது, சங்கப் பணம் வைப்பது போன்றவற்றை மட்டும் அவர் நன்மைக்காகத் தள்ளிவையுங்கள்.

இளைப்பாறுதலைப் பற்றியும் சொல்லவேண்டும். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்ற வசனம் பல ஆலயச் சுவர்களில் இருக்கிறது. அதே ஆலயத்தில் ஞாயிறு காலை ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் பயிற்சி, கமிட்டி, மாலையில் வீட்டு ஜெபம் என்று வாரத்திலேயே மிகவும் களைப்பான நாளாக ஞாயிறு மாறிவிட்டது. காசிமேட்டுச் சந்தைக்காரர்களுக்கு ஞாயிறுதான் பெரிய வியாபார நாள். விடியும் முன்பே போய்விடுகிறார்கள். அவர்களுக்கு ஞாயிறு மாலை 6 மணி ஆராதனையும் திங்கட்கிழமை அரைநாள் ஓய்வும் என்று சபையே திட்டமிட்டுச் சொல்லலாம். வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாகி சாப்பிடக்கூட நேரமில்லாதபோது, சீஷர்களைச் சற்றே இளைப்பாற அழைத்துப் போனவர் கர்த்தர் (மாற்கு 6:31).

குடியை விட்டவருக்குத் தூக்கம் சீராக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு 'ஒரு கட்டிங் போட்டா தூங்கிடலாம்' என்று நினைக்கிற நேரத்தை முன்கூட்டியே எதிர்பார்க்கவேண்டும். மாலை 4 மணிக்குமேல் டீ வேண்டாம். முதல் மூன்று மாதம் முழு இரவு ஜெபத்துக்குக் கூப்பிடாதீர்கள். விழிப்பு வந்தால் சங்கீதம் 131 படிக்கலாம், மூன்றே வசனம். அவருடைய மனைவிக்கும் வாரத்தில் ஓர் அரைநாள் வேண்டும். வீட்டு வேலை, மீன் விற்பனை, ஆஸ்பத்திரி, ஜெபக்கூட்டம் எல்லாம் அந்த அம்மா தலையில்தான் விழுகிறது. உபாகமம் 5 வேலைக்காரிக்கும் ஓய்வைக் கட்டளையிடுகிறது, வீட்டுக்காரிக்கு இல்லாமலா?

வடசென்னை ஆயர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதியம் 12 மணிக்கு மதுக்கடை திறக்கும்போது பெரும்பாலான ஆலயக் கதவுகள் பூட்டியிருக்கின்றன. தடைக்காலத்தின் 61 நாட்களும் மதியம் 12 முதல் 4 வரையும், சனிக்கிழமை மாலை 6 முதல் 10 வரையும் ஆலய ஹாலைத் திறந்து வையுங்கள். ஃபேன், பானைத் தண்ணீர், நாலு பாய், இரண்டு கேரம் போர்டு இருந்தால் போதும். ஒற்றை அறை ஷீட் வீட்டில் மே மாத வெயிலில் படுக்க முடியாதவர் அங்கே வந்து தூங்கட்டும். பிரசங்கம் வேண்டாம், பேச வருகிறவருக்குக் காதுகொடுக்க ஒருவர் இருக்கட்டும். வாரம் ஒரு மாலையை, குடியை விட நினைக்கிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கொடுக்கலாம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பின் கூட்டங்கள் சென்னையில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயரை வெளியில் சொல்வதும் இல்லை.

தங்கள் நாளிதழ் ஈஸ்டர் வாரத்தில் இரண்டு எண்களை வெளியிட்டு உதவவேண்டும்: போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். ஆலயங்கள் அவற்றை அறிவிப்புப் பலகையில் எழுதுவதோடு, கழிவறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டவேண்டும். யாரும் பார்க்காமல் நம்பரைக் குறித்துக்கொள்ள அதுதான் வசதி.

இப்படிக்கு,
ஆலய வீடு சந்திப்புப் பணியில் இருப்போர்,
ராயபுரம், சென்னை - 13